தானாக அச்சடிக்கும் பிரிண்டர்

கேள்வி: இரவில் யாரும் தொடாமலே வீட்டு வைஃபை பிரிண்டர் ஏதேதோ அச்சடித்துத் தள்ளுகிறது. ரவுட்டருக்கு வலுவான பாஸ்வேர்டு இருக்கிறது. பிறகு எப்படி?

பதில்: வைஃபை பாஸ்வேர்டு தடுப்பது அக்கம்பக்கத்தாரைத்தான், இணையம் வழியாக வருபவர்களை அல்ல. பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டர்கள் 9100 என்ற போர்ட்டில், அதாவது தகவல் உள்ளே வரும் எண்ணிட்ட வாசலில், காத்திருக்கும். அங்கே எது வந்தாலும், யார் எவர் என்று கேட்காமல் அச்சடித்துவிடும். 2018-இல் இப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான பிரிண்டர்களில் ஒரு யூடியூபருக்கான விளம்பரத் தாள் வந்து விழுந்தது.

உங்கள் பிரிண்டர் தள்ளிய தாளில் முதல் சொல் ஆங்கிலத்தில் 'கெட்' (GET) என்று இருக்கிறதா? யாரோ போர்ட்டைத் தட்டிப் பார்த்த தடயம் அது. உங்கள் கணினியின் ஆன்டிவைரஸ் நெட்வொர்க்கை ஸ்கேன் செய்தாலும் இதே கூத்து நடப்பதுண்டு. முதலில் அதன் நேர அட்டவணையைப் பாருங்கள்.

அது இல்லையென்றால், பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடித்து ரவுட்டருக்குள் போங்கள். போர்ட் ஃபார்வர்டிங் (இணையத்திலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் வசதி) பட்டியலில் அச்சுக்கான போர்ட்டுகளான 9100, 631, 515 இருந்தால் நீக்குங்கள். யு.பி.என்.பி. (கருவிகளே ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துகொள்ளும்) வசதியை அணையுங்கள், கேட்காமலே போர்ட்டைத் திறந்துவிடுவது பல வீடுகளில் அதுதான். ஒரு கருவியை முழுதாக இணையத்துக்குத் திறந்துவிடும் டி.எம்.இசட். பக்கத்தில் பிரிண்டரின் ஐ.பி. முகவரி இருக்கவே கூடாது.

பிரிண்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ரவுட்டர் இல்லாமல் போனை நேராகப் பிரிண்டரோடு இணைக்கும் வைஃபை டைரக்ட் தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். சில மாடல்களில் அதன் பாஸ்வேர்டு 12345678-தான்! விருந்தினருக்கான தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க்கில் பிரிண்டரைப் போடலாமே என்பார்கள். போட்டால் உங்கள் போனிலிருந்தே அச்சடிக்க முடியாமல் போகலாம்.