ஏழாம் வகுப்பில் நிறுத்தாதீர்கள்

வணக்கம் அக்கா,

நான் சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். உகாண்டாவில் ஒரு பெண்குழந்தைக்கு அவளுடைய ஆறு வயதிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வழியாக மாதாமாதம் பணம் கட்டி வருகிறேன். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு முடியப்போகிறது. அவளுடைய அப்பா அன்றைக்கும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி, இன்றைக்கும் கூலிதான். வீடும் அதே வீடு. கடிதங்களும் ஒரே மாதிரி வருகின்றன: மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது, உங்களுக்காக ஜெபிக்கிறேன். வேறு யாரோ எழுதித் தருகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. என் கணவர், "போட்டோவைக் காட்டிப் பணம் பறிக்கிற வேலை இது. குடுக்கிறதா இருந்தா நம்ம ஊர்ப் பிள்ளைக்கே குடுக்கலாமே" என்கிறார். இந்த வருடக் கடைசியோடு நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். இப்படிக் கட்டுகிற பணத்தால் எந்தக் குடும்பமாவது வறுமையை விட்டு மேலே வந்திருக்கிறதா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

எப்போது வேண்டுமானாலும் நிறுத்துங்கள், இந்த வருடம் மட்டும் வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

உகாண்டாவில் தொடக்கப்பள்ளி ஏழு வருடம். ஏழாம் வகுப்பு முடிவில் நாடு முழுவதற்கும் ஒரே பொதுத்தேர்வு. அதைத் தாண்டினால் நான்கு வருடம், அதற்கு மேல் இரண்டு வருடம் படிக்கலாம். தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை என்று 1997லேயே அறிவித்துவிட்டார்கள். 2007லிருந்து மேல்வகுப்புகளுக்கும் பல பள்ளிகளில் கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆனால் சீருடை, நோட்டு, தேர்வுப் பணம், மதியம் பள்ளியில் போடும் சோளமாவுக் களிக்கும் பீன்ஸுக்கும் உண்டான காசு என்று வீட்டின் தலையில் விழுவது இன்னமும் நிறைய இருக்கிறது. ஏழாவதைத் தாண்டியதும் அந்தச் செலவு ஒரேயடியாக ஏறும். பள்ளியும் தூரமாகப் போய்விடும். கூலிக்குப் போகும் தகப்பன் "போதும், படித்தது போதும்" என்று சொல்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். உங்கள் பெண் இப்போது அங்கேதான் நிற்கிறாள். ஆறு வருடம் கட்டிய பணத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டென்றால், அது அடுத்த இரண்டு மூன்று வருடங்களில்தான் முடிவாகும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. ஏதாவது குடும்பம் மேலே வந்திருக்கிறதா?

இதை ஒழுங்காக அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். புரூஸ் வைடிக், பால் கிளூவே, லேன் ரட்லெட்ஜ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ நிறுவனத்தின் பழைய பிள்ளைகளைத் தேடிப்போனார்கள். உகாண்டா, கென்யா, குவாத்தமாலா, பொலிவியா, பிலிப்பைன்ஸ், இந்தியா என்று ஆறு நாடுகள். மொத்தம் 10,144 பேரின் விவரங்கள். அவர்களில் 1,860 பேர் சிறுவயதில் ஸ்பான்சர் கிடைத்தவர்கள், அதாவது உங்களைப்போல யாரோ மாதாமாதம் பணம் கட்டி வளர்ந்தவர்கள். 2013ல் முடிவுகள் வெளிவந்தன.

அவர்கள் செய்த முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த நிறுவனம் ஒரு ஊரில் புதிதாக மையம் திறக்கும்போது பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளைத்தான் சேர்த்துக்கொள்ளும். அப்போது பதின்மூன்று, பதினாலு வயதில் இருந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் இடம் கிடையாது. அதே அப்பா அம்மா, அதே அடுப்பு, அதே கடன். ஒரு பிள்ளைக்கு ஸ்பான்சர் கிடைத்தது, மற்றதற்கு வயது தாண்டிவிட்டது. அந்த அக்காவையும் தங்கையையும் பெரியவர்களான பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்ததால்தான் முன்னேறினார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி செய்த ஏற்பாடு இது.

ஸ்பான்சர் கிடைத்தவர்கள் சராசரியாக 1.03 முதல் 1.46 வருடம் வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். மேல்நிலைப் படிப்பை முடித்தவர்களின் விகிதம் 12 முதல் 18 சதவீதப் புள்ளிகள் வரை கூடியிருந்தது. ஆப்பிரிக்க நாடுகளில் பலன் இன்னும் அதிகம். வளர்ந்த பிறகு அவர்களுடைய மாத வருமானம் என்ன ஆனது என்று 2017ல் தனியாகவும் எழுதினார்கள். மற்றவர்களுக்கு 75 டாலர் என்றால் இவர்களுக்கு அதற்கு மேல் 13 முதல் 17 டாலர். அதுவும் பெரும்பாலும் சம்பளம் ஏறியதால் வந்ததல்ல, வேலைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை கூடியதால் வந்தது.

இது கோட்டை கட்டுகிற பணம் இல்லை. விளம்பரங்களில் வருவதுபோல ஒரு குழந்தையின் கையைப் பிடித்ததும் குடும்பமே மாறிவிடாது. நீங்கள் எதிர்பார்த்த இடத்தில், அதாவது அப்பாவின் கூலியிலும் வீட்டின் கூரையிலும், இந்தப் பணம் தெரியவே தெரியாது. தெரிந்தால் அந்தப் பெண் தன் சொந்தக் காலில் நிற்கும்போது தெரியும். அவளுக்குப் பிறக்கும் பிள்ளையை எந்த வயது வரை படிக்க வைக்கிறாள் என்பதில் தெரியும். ஆறு வருடத்தில் அந்த வீடு மாறவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மாறவேண்டியது நடுவில் அறுந்துபோகாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவர். அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. மூத்த மகள் ஊரில் இருந்த ஒரு மையத்தில் சேர்ந்திருந்தாள். "புராஜெக்ட்டுக்குப் போறேன்" என்றுதான் அங்கே பிள்ளைகள் சொல்லும். பள்ளி விட்டதும் பாடம் சொல்லித்தருவார்கள், சாப்பாடு போடுவார்கள், வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து பார்ப்பார். அவள் ஒன்பதாவது படிக்கும்போது மில் புரோக்கர் வீட்டுக்கு வந்துவிட்டான். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி நூல் மில்லில் வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று. குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்டமுடியாமல் திணறிய அம்மாவுக்கு அது கடவுளே வந்து கதவைத் தட்டியதுபோல. மகள் மையத்துக்கு வருவதை நிறுத்தினாள். அங்கே பாடம் சொல்லித்தந்த மிஸ் கேட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து அந்த அம்மாவோடு சேர்ந்து கடன் கணக்கைப் பேப்பரில் எழுதிப் பார்த்தார். எந்தத் தவணை எப்போது முடியும், பத்தாவது முடிக்க எவ்வளவு ஆகும், அதில் மையம் எதை ஏற்கும் என்று வரி வரியாக. அந்தப் பெண் பத்தாவது எழுதினாள், பிளஸ் டூ முடித்தாள், இப்போது மதுரையில் ஒரு லேபில் டெக்னீஷியன். தம்பியைப் படிக்க வைத்தது அவள் சம்பளம்.

அந்த மிஸ்ஸுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? உங்களைப்போல ஏதோ ஒரு நாட்டில் யாரோ கட்டிய பணம்தான். பாதிப் பணம் ஆபீஸ் செலவுக்கும் சம்பளத்துக்கும் போய்விடுகிறது, பிள்ளை கையில் என்ன போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் தேடிப்போக ஒரு பெரியவர் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். நோட்டும் சீருடையும் யார் வேண்டுமானாலும் வாங்கித் தரலாம்.

உங்கள் கணவரின் சந்தேகத்தைக் குறை சொல்லமாட்டேன். சிகாகோ டிரிப்யூன் பத்திரிகைக்காரர்களே ஸ்பான்சர்களாகச் சேர்ந்து, தங்கள் பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடிப்போய் 1998ல் எழுதினார்கள். மாலி நாட்டில் ஒரு சிறுமி இறந்து வெகுகாலம் ஆகியும் அவள் பெயரில் நிறுவனம் பணம் வாங்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. பெரிய அவமானம் அது. அவமானப்பட்டே ஆகவேண்டிய விஷயமும்கூட. எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சில நிறுவனங்கள் பணத்தைக் குறிப்பிட்ட பிள்ளையின் மையத்துக்கு அனுப்பும். வேர்ல்ட் விஷன், பிளான், ஆக்‌ஷன் எய்ட் போன்றவை ஊருக்கே பொதுவில் போட்டுக் கிணறு, பள்ளிக்கூடம், சுகாதாரம் என்று செலவழிக்கும். இரண்டாவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொதுவில் செலவழித்துவிட்டு, போட்டோவைக் காட்டி "இவளுக்கே போகிறது" என்ற எண்ணத்தை வளர்ப்பது தவறு. நான் மேலே சொன்ன ஆய்வு முதல் வகையில் ஒரே ஒரு நிறுவனத்தைப் பற்றியது. அதை வைத்து மற்ற எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. உங்கள் நிறுவனம் எந்த வகை என்று ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். அவள் ஏழாவது முடித்ததும் என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அப்போது சந்தேகப்படுங்கள்.

கடிதங்கள் ஒரே மாதிரி இருப்பதைப் பற்றி. அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவது லுகாண்டாவோ வேறு மொழியோ. மையத்தில் கடிதம் எழுதும் நாள் என்று ஒன்று உண்டு. வரிசையாகக் கேள்விகள் அச்சடித்த ஒரு தாளைக் கொடுப்பார்கள்: உன் நண்பர் யார், உங்கள் ஊரில் என்ன விளையும், என்ன பிராணி வளர்க்கிறாய். முப்பது நாற்பது பிள்ளைகள் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதும்போது பக்கத்துப் பிள்ளை ஆடு என்று எழுதினால் இதுவும் ஆடு என்றுதான் எழுதும். பிறகு ஒருவர் அதை ஆங்கிலத்தில் மாற்றுவார். ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர் போன்றவற்றைப் பிள்ளையின் பாதுகாப்புக்காக எடுத்தும் விடுவார்கள். மிச்சம் வருவதுதான் உங்கள் கைக்கு வருகிறது. நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். "நன்றாகப் படி, கடவுள் துணை" என்று எழுதினால் அதற்கு வேறு எப்படிப் பதில் எழுதுவாள்? நீங்கள் நர்ஸ். ராத்திரி ஷிப்டில் என்ன செய்வீர்கள், ஊசி போட எப்படிக் கற்றுக்கொண்டீர்கள், எந்த வகுப்பில் உங்களுக்குக் கணக்கு வராமல் அழுதீர்கள் என்று எழுதுங்கள். ஜகார்த்தாவின் ஏழைப் பகுதிகளில் பிள்ளைகளிடம் கலர் பென்சில் கொடுத்துத் தங்களையே வரையச் சொல்லி, ஸ்பான்சர் கிடைத்த பிள்ளைகளின் படத்தையும் கிடைக்காதவர்களின் படத்தையும் ஒப்பிட்டார்கள். கிடைத்தவர்களின் படங்களில் நாளையைப் பற்றிய நம்பிக்கை தெளிவாகவே கூடுதலாகத் தெரிந்தது. வேலை பார்த்துச் சொந்தமாகச் சம்பாதிக்கிற ஒரு பெண் தன் பெயர் சொல்லிக் கடிதம் எழுதுகிறாள் என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அவளுக்கு அம்மா இருக்கிறாள். ஒரு பிள்ளைக்கென்று பணம் கட்டும் இந்த முறை 1937ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்காகவும், 1950களில் கொரியப் போர் அனாதைகளுக்காகவும் பரவியது. இன்றைக்குச் சேர்கிற பிள்ளைகளில் மிகப் பலருக்குப் பெற்றோர் உண்டு. அவர்கள் ஏழைகள், அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் அந்த அம்மாவுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.

பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதை நம் ஊர் பார்த்திருக்கிறது. கம்பாஷன் நிறுவனத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மத்திய உள்துறை தடுத்தது. மதமாற்றம் செய்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு, நிறுவனம் அதை மறுத்தது. 2017 மார்ச்சில் இந்தியாவில் வேலையையே மூடினார்கள். 589 மையங்கள், சுமார் 1,45,000 பிள்ளைகள். அதில் சென்னையைத் தலைமையாகக் கொண்டு நடந்தவையும் உண்டு. சாப்பாடும் பாடமும் ஜெபத்தோடு கட்டி வைக்கப்படக்கூடாது என்பது என் கருத்து, அதில் மாற்றமில்லை. ஆனாலும் பத்தாவதும் பிளஸ் ஒன்னும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் படிப்பின் நடுவில் அப்படி விட்டது கொடுமை.

கடைசியாக, நம்ம ஊர்ப் பிள்ளைக்குக் கொடுக்கலாமே என்ற கேள்வி. நியாயமானது. ஆனால் நம் ஊரில் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சாப்பாடும், அதற்கு மேலும் மதியச் சாப்பாடும் இருக்கிறது, பாடப்புத்தகம், பஸ் பாஸ், சைக்கிள் இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இருக்கிறது. உகாண்டாவில் உங்கள் பணம் செய்கிற வேலையில் பாதியை இங்கே அரசு செய்கிறது. பட்டுக்கோட்டையில் கணவரை இழந்த ஒரு பெண்ணின் பிள்ளையை உங்கள் கணவர் மனதில் வைத்திருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள்: மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 4,000 ரூபாய் உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000க்குள் இருக்கவேண்டும். தகப்பன் இல்லாதவர்கள், பெற்றோர் இருவரையும் இழந்து பாட்டி வீட்டில் வளர்கிறவர்கள், பெற்றோர் கடும் நோயில் படுத்துவிட்டவர்கள் எல்லாரும் விண்ணப்பிக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்கவேண்டும். அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் 1098க்கு போன் செய்தால் சொல்வார்கள். ரேஷன் கார்டு, ஆதார், இறப்புச் சான்றிதழ், பள்ளியில் படிப்பதற்கான சான்று எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவோடு ஒரு நாள் கூடப் போகத்தான் ஆள் இல்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது நீங்கள் இருவரும் போய் வாருங்கள்.

அன்புடன்,
அக்கா