இரண்டு வயதுக் குழந்தைக்கு எந்த ஃப்ளூ தடுப்பூசி?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 3 மாதம். போன வருடம் இரண்டு முறை வீசிங் வந்து நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. ஜூனில் ப்ளே ஸ்கூலில் சேர்க்கப் போகிறோம் என்றதும், அதற்குள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடச் சொன்னார் குழந்தை டாக்டர். விசாரித்தால் 3 வகை, 4 வகை என்கிறார்கள். லண்டனில் இருக்கும் என் நாத்தனார், “இங்கே பிள்ளைகளுக்கு மூக்கில் ஸ்ப்ரே அடிப்பதோடு சரி, ஊசியே இல்லை, அதைக் கேள்” என்கிறார். முட்டை சாப்பிட்டால் பையனுக்கு உடம்பில் தடிப்பு வரும். இந்த ஊசியை முட்டையில்தான் தயாரிக்கிறார்கள் என்று சர்க்கரை நோயாளியான என் மாமியார் பயப்படுகிறார். தடுப்பூசி அட்டையில் ‘இன்ஃப்ளூயன்ஸா’ என்று ஏற்கெனவே போட்டதாக இருக்கிறதே, அது வேறா? எதைப் போடட்டும், டாக்டர்?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகனுக்கு ஊசிதான் சரி. மூக்கு ஸ்ப்ரே வேண்டாம்.

ஸ்ப்ரேயில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். மூக்கின் குளிர்ந்த பகுதியில் மட்டும் லேசாகப் பெருகி, உடம்புக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும். 2 வயது முடிந்தவர்களுக்குத்தான் அதைக் கொடுக்கலாம். அந்த வயது உங்கள் பையனுக்கு ஆகிவிட்டது. ஆனால் 2 முதல் 4 வயதுக்குள் இருந்து, கடந்த 12 மாதங்களில் வீசிங் வந்த குழந்தைகளுக்கு இதைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். மூச்சுக்குழாய் ஏற்கெனவே கொஞ்சம் முரண்டு பிடிக்கும் குழந்தை. அங்கே உயிருள்ள வைரஸை விட்டுப் பார்க்க வேண்டாம் என்பதுதான் என் கருத்தும்.

உங்கள் நாத்தனார் சொல்வது பொய்யில்லை. பிரிட்டனில் 2, 3 வயதுக் குழந்தைகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஸ்ப்ரேதான் முதல் தேர்வு. அழுகை இல்லை, ஒரு வகுப்புக்கே சீக்கிரம் கொடுத்து முடிக்கலாம். அதே ஸ்ப்ரே சரியாகப் பலன் தரவில்லை என்று அமெரிக்காவில் 2016-17, 2017-18 ஆகிய இரண்டு பருவங்களுக்குப் பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த பருவத்தில் திரும்பச் சேர்த்தார்கள். நம் நாட்டிலும் 2010-ல் சீரம் நிறுவனம் பன்றிக் காய்ச்சலுக்கு மூக்கு வழித் தடுப்பு மருந்து கொண்டுவந்தது. ஆனால் இப்போது நம் ஊர்க் கிளினிக்குகளில் நான் அதிகம் பார்ப்பது ஊசியைத்தான். அதில் உள்ளது செயலிழக்கச் செய்த வைரஸின் துண்டுகள். அதனால் ஊசி போட்டு ஃப்ளூ வர வழியே இல்லை. போட்ட இடத்தில் வலி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல், கொஞ்சம் சிணுங்கல் இருக்கலாம்.

அடுத்து, 3 வகையா 4 வகையா. 4 வகை ஊசியில் இரண்டு ‘ஏ’ வைரஸ், இரண்டு ‘பி’ வைரஸ். அந்த இரண்டு ‘பி’யில் ஒன்றான, இப்போதைய 3 வகை ஊசியில் இல்லாத யமகாட்டா என்பது 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததில் அது பரவ வழியில்லாமல் போய்விட்டது போலிருக்கிறது. 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமே அதை இனிச் சேர்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே கிளினிக்கில் 4 வகை இருந்தால் அதைப் போடுங்கள், 3 வகை இருந்தால் அதைப் போடுங்கள். இதற்காக நாலு கடை ஏறி இறங்க வேண்டாம். கம்பெனிப் பெயரும் அப்படித்தான். முதல் ஊசி ஒரு கம்பெனி, இரண்டாவது வேறு கம்பெனி என்றாலும் பரவாயில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வருடத்தை. ஃப்ளூ வைரஸ் சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் புதுப் பட்டியல் தருகிறது. பெட்டியில் ‘என்.எச்.’ (வட அரைக்கோளம்) என்றோ ‘எஸ்.எச்.’ (தென் அரைக்கோளம்) என்றோ போட்டு, பக்கத்தில் வருடம் இருக்கும். இந்தியா வட அரைக்கோளத்தில் இருந்தாலும் நம் ஃப்ளூ மழையோடு வருவது. நாட்டின் பல இடங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடுகிறது. சென்னை, வேலூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் அடைமழையில் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். நீங்கள் ஜூனில் பள்ளிக்கு அனுப்புவதால், ஏப்ரல், மே மாதங்களில் கிடைக்கும் அந்த வருடத்து ‘எஸ்.எச்.’ ஊசியே பொருத்தம். டாக்டர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும், “பெட்டியை ஒரு தடவை காட்டுங்கள்” என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இப்போது நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். 9 வயதுக்குள் முதல் முறையாக ஃப்ளூ தடுப்பூசி போடும் குழந்தைக்கு 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். முதல் ஊசி உடம்புக்கு வைரஸை அறிமுகம் செய்வது மாதிரி. போதிய பாதுகாப்பு இரண்டாவதற்குப் பிறகுதான், அதுவும் சுமார் இரண்டு வாரம் கழித்து. என்னிடம் வரும் அட்டைகளில் ஃப்ளூ வரிசையில் ஒரு தேதி இருக்கும், பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கும். கேட்டால், “அன்றைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது டாக்டர், அப்புறம் மறந்தே போய்விட்டோம்” என்பார்கள். சாதாரணச் சளிக்கு ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். நல்ல காய்ச்சலோ வீசிங்கோ இருந்தால் மட்டும் அது அடங்கும் வரை பொறுத்து, உடனே போட்டுவிடுங்கள். நாலு வாரம் தாண்டிவிட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இரண்டாவதைப் போட்டால் போதும். அடுத்த வருடத்திலிருந்து வருடத்துக்கு ஒன்று. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 6 மாதம் முதல் 5 வயது வரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகும் தொடர்வது நல்லது.

முட்டை பற்றி உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்: ஊசிக்கான வைரஸைக் கோழி முட்டையில் வளர்ப்பது உண்மை. ஆனால் சுத்திகரித்த பின் எஞ்சும் முட்டைப் புரதம் மிக மிகச் சொற்பம். முட்டை அலர்ஜி உள்ளவர்களுக்கும் தனி முன்னெச்சரிக்கை எதுவும் இல்லாமலே போடலாம் என்பதுதான் இப்போதைய அமெரிக்கப் பரிந்துரை. பையனுக்குத் தடிப்பு வரும் விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டு, போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அது எந்தத் தடுப்பூசிக்கும் நல்ல பழக்கம்.

அட்டையில் நீங்கள் பார்த்தது ‘ஹிப்’ ஆக இருக்கும். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஒரு பாகம் அது. தமிழ்நாட்டில் அரசு அதை 2011 டிசம்பரில் தொடங்கியது. ‘ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா’ ஒரு பாக்டீரியா. 1892-ல் ஃபைஃபர் என்ற ஜெர்மன் அறிஞர் ஃப்ளூ நோயாளிகளிடம் அதைக் கண்டு, இதுதான் காரணம் என்று நினைத்துவிட்டார். மனிதர்களைத் தாக்கும் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-ல்தான். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு இன்றைக்கும் பெற்றோரைக் குழப்புகிறது. ஹிப் போட்டிருப்பது ஃப்ளூவைத் தடுக்காது.

ஊசி போட்டாலும் சளி, காய்ச்சல் வரத்தான் செய்யும். அவற்றில் பெரும்பாலானவை வேறு வைரஸ்கள். ஃப்ளூவிலும் வைரஸ் பட்டியல் பொருந்திய வருடங்களிலேயே, டாக்டரிடம் போகும் அளவுக்கு நோய் வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறையும். நாம் முக்கியமாகத் தடுக்கப் பார்ப்பது ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைக்கும் நிலையை. பையனுக்குக் காய்ச்சல் வந்தால், தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். இந்த வயதில் நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டாலோ, விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள்.

மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்றீர்கள். பேரன் பள்ளியிலிருந்து கொண்டுவரும் ஃப்ளூ அவரைத்தான் கடுமையாகத் தாக்கும். பேரனுக்கு முதல் ஊசி போடப் போகும் நாளிலேயே அவரையும் கூட்டிப்போய் ஒன்று போட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு ஒரே ஊசி போதும். கிளம்பும் முன், காலியாக இருக்கும் அந்த இரண்டாவது கட்டத்தில் தேதியைப் பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.