தையல் கேள்வி பதில்: அடித்துணி ஏன் சுருங்குகிறது?

கேள்வி: பழைய பருத்திச் சீலைகளில் ஒட்டுப்போர்வை தைக்கிறேன். மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்து மெஷினில் தைத்தால் அடித்துணி சுருங்குகிறது, கீழே நூலும் சிக்குப்படுகிறது. ஏன்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. அடித்துணியைச் சுருக்கமின்றி விரித்து, ஓரங்களை டேப்பால் மேசையோடு ஒட்டுங்கள், இழுத்து நீட்டக்கூடாது. மற்ற இரண்டையும் மேலே பரப்பி, நடுவிலிருந்து வெளிநோக்கி 10 செ.மீ.க்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்துங்கள். தையலையும் நடுவிலேயே தொடங்குங்கள். ஓரங்களை முதலில் தைத்துவிட்டால் தளர்வெல்லாம் நடுவில் சேர்ந்து மடிப்பாகிவிடும். தையல் நீளம் 3 மி.மீ., ஊசி அளவு 90/14. துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தின் அழுத்தத்தையும் சற்றுக் குறையுங்கள்.

நூல் சிக்குக்குப் பொபினை (கீழ்நூல் சுற்றிய உருளையை) குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் பிழை மேல்நூலில்தான். பாதம் இறங்கியிருக்கையில் நூல் கோர்த்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் அவற்றுக்கிடையில் போகாது. பாதத்தை உயர்த்திவிட்டு நூலைக் கோர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாலைந்து தையலுக்கு இரு நூல் முனைகளையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கொழும்புப் புழுக்கத்துக்குப் பொலியெஸ்டர் பஞ்சு வேண்டவே வேண்டாம். நடுவில் பழைய பருத்திக் கட்டில் விரிப்பு ஒன்றே போதும். சீலையை வெட்டுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நைந்த இடம் தெரியும். அதை ஒதுக்கிவிடுங்கள்.