முன்பல்லைப் பிடுங்கிய அன்றே இம்ப்ளான்ட் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. பத்து வருஷத்துக்கு முன்பு ரூட் கேனால் செய்து கேப் போட்ட மேல் முன்பல் இப்போது ஆடுகிறது. வேரில் விரிசல், பல்லை எடுத்தே ஆகவேண்டும் என்கிறார்கள். ஆறு வாரத்தில் நிச்சயதார்த்தம். 'காலையில் பிடுங்கி மாலையில் ஃபிக்ஸட் பல், இன்றே முன்பணம் கட்டினால் பாதி விலை' என்கிறார் ஒரு பல் மையத்தின் ஒருங்கிணைப்பாளர். நம்பலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். ஸ்கேன் எடுக்கும் வரை பல்லில் யாரும் கைவைக்க விடாதீர்கள். வீக்கமோ சீழோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே பல் மருத்துவரிடம் போங்கள்.

'அன்றே' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகளைப் போட்டு விற்கிறார்கள். பிடுங்கிய குழியிலேயே, வேருக்குப் பதிலாக நிற்கும் டைட்டானியம் திருகை (இதுதான் இம்ப்ளான்ட்) இறக்குவது ஒன்று. அதன்மேல் அன்றே தற்காலிகப் பல் மாட்டுவது இன்னொன்று. முதலாவது முடிந்தவர்களுக்கெல்லாம் இரண்டாவது முடியாது. நிரந்தரப் பல்லோ, எலும்பு திருகைப் பற்றிக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் ஆன பிறகுதான். அதை மாலையில் தருவதாகச் சொன்னால் அது பொய்.

உங்கள் விஷயத்தில் பார்க்கவேண்டியது முன்பக்க எலும்பு. மேல் முன்பல் வேருக்கு உதட்டுப் பக்கம் உள்ள எலும்புச் சுவர் பெரும்பாலானவர்களுக்கு 1 மில்லிமீட்டர்கூட இருக்காது, முட்டை ஓடு மாதிரிதான். பல்லை நெம்பும்போது அது உடைந்தால் பின்னால் ஈறு மேலேறி, புதுப்பல் பக்கத்துப் பல்லைவிட நீளமாகத் தெரியும். வேரில் விரிசல் இருந்தால் அந்தச் சுவர் ஏற்கெனவே கரைந்திருக்கவும் கூடும். சாதாரண எக்ஸ்ரே இதைக் காட்டாது. தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் வேண்டும், அந்தப் பகுதிக்கு மட்டும் எடுத்தால் போதும். 'முன்சுவர் முழுசாக இருக்கிறதா? வேர் நுனிக்கு அப்பால் திருகு பிடிக்க மூன்று, நான்கு மில்லி எலும்பு இருக்கிறதா?' என்று கேளுங்கள்.

இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அன்றே திருகு வைக்கலாம். ஈறைக் கிழிக்காமல் மெல்லிய கருவியால் வேரைத் தளர்த்தி எடுத்து, திருகை அண்ணத்துப் பக்கம் ஒட்டி இறக்கி, முன்சுவருக்கும் திருகுக்கும் நடுவிலுள்ள இரண்டு மில்லி இடைவெளியில் எலும்புத்தூள் நிரப்புவார்கள். திருகு குறைந்தது 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கத்தில் இறுகினால்தான் மேலே தற்காலிகப் பல். அந்தப் பல்லுக்கு எதிர்ப்பல் இடிக்கவே கூடாது. கலர் பேப்பரைக் கடிக்கச் சொல்வார்கள். கீழ்த்தாடையை முன்னே தள்ளிக் கடித்தாலும் அதில் ஒரு புள்ளி விழக்கூடாது. விழுந்தால் தேய்த்துத் தரச்சொல்லுங்கள். திருகு மயிரிழை அளவு அசைந்துகொண்டே இருந்தாலும் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து ஆட ஆரம்பித்துவிடும். குறைந்தது இரண்டு மாதம் முன்பல்லால் கொய்யா, முறுக்கு, கரும்பு எதையும் கடிக்காதீர்கள்.

சுவர் போயிருந்தால் பல்லை எடுத்துவிட்டு ஆறு முதல் எட்டு வாரம் ஈறு ஆறட்டும், பிறகு எலும்புத்தூளோடு திருகு வைக்கலாம். நிச்சயதார்த்தத்துக்கு உங்கள் பல்லின் மேல்பகுதியையே, அல்லது அதே நிறத்தில் ஒரு பல்லை, பின்பக்கம் மெல்லிய ஃபைபர் வைத்துப் பக்கத்துப் பற்களோடு ஒட்டிக்கொள்ளலாம். போட்டோவில் தெரியாது. அவசரத்தில், பக்கத்துப் பற்களைத் தூணாக்கும் பிரிட்ஜ் போட நல்ல பற்கள் இரண்டை ராவ மட்டும் சம்மதிக்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டுப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையை அழைத்துப் போக நினைக்கும் பெற்றோர் கவனிக்கவேண்டும்: வளரும் வயதில் இம்ப்ளான்ட் கூடவே கூடாது. தாடை வளர வளர சொந்தப் பற்கள் கீழிறங்கி வரும், திருகு வைத்த இடத்திலேயே நிற்கும். சில வருஷத்தில் அந்த ஒரு பல் மட்டும் மேலே ஏறி நிற்பதுபோல் குட்டையாகத் தெரியும். திருகை இழுத்துச் சரிசெய்ய வழி கிடையாது. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 தாண்டட்டும். அதன் பிறகும் வளர்ச்சி நின்றுவிட்டதா என்று பார்த்துத்தான். அதுவரை ஒட்டுப்பல் போதும்.

அந்த ஒருங்கிணைப்பாளர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மருத்துவர் இல்லை. ஸ்கேனே பார்க்காமல் விலை சொல்பவர் உங்கள் எலும்பைப் பற்றி யோசிக்கவில்லை. 'பாதி விலை' பெரும்பாலும் திருகுக்கு மட்டும்தான். இணைப்புப் பாகம், கேப், எலும்புத்தூள், தற்காலிகப் பல் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக வரும். மாதத்தவணைப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் பாதியில் எழுந்துவருவதும் கஷ்டம். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் இம்ப்ளான்ட்டுக்குப் பணம் தருவதில்லை, இரண்டு நாள் வகுப்பு முடித்த பல் மருத்துவரும் திருகு இறக்கலாம். நோயாளியே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய நிலையில் விட்டிருப்பது அநியாயம்.

அதனால் கேளுங்கள். மொத்தச் செலவு எழுத்தில் வேண்டும். திருகு வைக்கப்போகிற மருத்துவரின் பெயர், பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் வேண்டும். பல்லை எடுப்பவரும் அவராகவே இருக்கட்டும். முடிந்த பிறகு திருகுப் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை வாங்கி ஃபைலில் ஒட்டிவையுங்கள். கம்பெனி, அளவு, லாட் எண் மூன்றும் அதில் இருக்கும். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் கேப் லூசானால், எந்தச் சாவி போட்டுத் திருப்புவது என்று அங்குள்ள மருத்துவருக்கு அதை வைத்துத்தான் தெரியும்.