மகனின் சிறப்புப் பள்ளிக்காக எஸ்ஐபியை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 39, கோவையில் தனியார் வேலை. ஆண்டுச் சம்பளம் 12.6 லட்சம், மாதம் கைக்கு வருவது 92,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 26,000, மகனின் இப்போதைய பள்ளியையும் சேர்த்துக் குடும்பச் செலவு 38,000, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) 12,000. நான்காம் வகுப்பு படிக்கும் 9 வயது மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்க, எழுதச் சிரமப்படும் கற்றல் குறைபாடு. 45 பிள்ளைகளே உள்ள சிறப்புப் பள்ளி ஒன்றில் ஜூனில் சேர்க்க நினைக்கிறோம். கட்டணம் ஆண்டுக்கு 1.8 லட்சம், சேர்க்கைக்குத் தனியாக 40,000. எஸ்ஐபியை நிறுத்தி, நகையையும் அடகு வைக்கலாமா? மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் குடும்பத்துக்கான 80டிடி பிரிவில் வரிச்சலுகை உண்டு என்கிறார் நண்பர்.

பதில்: நகையைத் தொட வேண்டாம். இந்த ஜூனில் வைத்ததை அடுத்த ஜூனில் மீட்க வேண்டும். இரண்டாம் ஆண்டுக் கட்டணமும் அப்போதுதான் வந்து நிற்கும். பிறகு வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போவீர்கள்.

பள்ளி சொல்லும் 1.8 லட்சம் முழுக் கணக்கு அல்ல. வேன் மாதம் 3,000 என்றால் 11 மாதத்துக்கு 33,000. ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி சிகிச்சை) வாரம் இரண்டு முறை, ஒரு முறைக்கு 700 என்றால் 61,600. தெரபி கட்டணத்தில் அடக்கமா என்று கேட்காமலே சேர்த்துவிட்டு, ஜூலையில் பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் அதிகம். சேர்க்கைக் கட்டணத்தோடு முதல் ஆண்டு 3,14,600. இப்போதைய பள்ளிக்கும் வேனுக்கும் ஆகும் செலவை 90,000 என்று வைத்துக் கழித்தால், கூடுதல் சுமை ஏறக்குறைய 2.25 லட்சம். கட்டணம் ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால் மூன்றாண்டுக்கு 6.5 லட்சம், மாதத்துக்கு 18,000.

உங்களிடம் இப்போதே மாதம் 16,000 மிஞ்சுகிறது. எஸ்ஐபியை 9,000 ஆகக் குறைத்தால் 19,000 ஆகிவிடும். அதற்கு மேல் எஸ்ஐபியில் கை வைக்கத் தேவையில்லை.

சிக்கல் ஜூன் மாதத்தில்தான். இரண்டு தவணை என்றால் சேர்க்கைக் கட்டணத்தோடு 1.3 லட்சம் கேட்பார்கள். நான்கு தவணையாகக் கேளுங்கள், சிறிய பள்ளிகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அப்போது ஜூனுக்கு 85,000 போதும். ஜனவரி முதல் மே வரை 19,000 ஒதுக்கினால் 95,000 சேர்ந்திருக்கும். ஆர்டிக்கு (மாதாந்திரத் தொடர் வைப்பு) பெரும்பாலான வங்கிகள் குறைந்தது 6 மாதம் கேட்கும் என்பதால் தனிச் சேமிப்புக் கணக்கே போதும்.

வரிச்சலுகை விஷயத்தில் நண்பர் சொன்னதை விட்டுவிடுங்கள். புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போக உங்கள் வருமானம் 11.85 லட்சம், கட்ட வேண்டிய வரியே இல்லை, அந்த முறையில் 80சி (சேமிப்பு, பள்ளிக் கட்டணத்துக்கான கழிவு), 80டிடி இரண்டும் கிடையாது. பழைய முறைக்குப் போனாலும், 80டிடி சுட்டுவது 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலை. கற்றல் குறைபாடு சேர்ந்தது 2016 சட்டத்தில். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடும் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குத்தான்.

அதற்காக அரசுச் சான்றிதழை விட்டுவிடாதீர்கள். அதன் பயன் தேர்வில் தெரியும்: சிபிஎஸ்இ 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு. தனியார் உளவியலாளரின் அறிக்கை சான்றிதழ் ஆகாது. அரசு மருத்துவமனைக் குழுதான் தர வேண்டும். 2018 வழிகாட்டுதலில் 8 வயதுக்கு மேல் கிடைக்கும், 14-லும் 18-லும் மறுபரிசோதனை என்று இருந்தது. இப்போதைய விதியை அந்தக் குழுவிடமே கேளுங்கள்.

மூன்றாண்டு என்று நான் போட்டது, பையன் அதற்குள் வழக்கமான பள்ளிக்குத் திரும்புவான் என்ற நம்பிக்கையில். பத்தாம் வகுப்புவரை அங்கேயே என்றால் ஆறாண்டுக்கு 14.5 லட்சம் தாண்டும். கடைசி ஆண்டில் மாதம் 24,500 வேண்டும். எனவே கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியே போன பிள்ளைகள் எங்கே சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பள்ளிக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பு என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழிதான்: 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஐந்து பாடம், ஐந்தாண்டில் ஒன்பது வாய்ப்பு. மோசமான வழி அல்ல, ஆனால் சேரும்போதே தெரிந்திருக்க வேண்டும். சிறப்பு ஆசிரியர்களின் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண்ணையும் பாருங்கள்.

முழு ஆண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி என்பார்கள். மிச்சம் 9,000, மாட்டிக்கொள்வது 1.71 லட்சம். 45 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் விலகினாலே நடுவாண்டில் ஆட்டம் கண்டுவிடும். பணம் திரும்பும் விதியை எழுத்தில் தந்தால்கூட நான்கு தவணையிலேயே இருங்கள்.