வாரம் 7 ஷில்லிங்ல எவ்ளோ சேமிக்கலாம்?

கேள்வி: சார், 1834ல இங்கிலாந்துல டோர்செட் பக்கம் டோல்புடில்ங்கிற கிராமத்துல பண்ணைக் கூலிக்காரங்க 6 பேரை சங்கம் வெச்சதுக்காக நாடு கடத்தினாங்கன்னு படிச்சேன். அவங்க வாரக்கூலி 7 ஷில்லிங்காம். என் ஃப்ரெண்டு, "பட்ஜெட் போடத் தெரியல, அதான் ஏழையா இருந்தாங்க"ங்கிறாரு. அந்தக் குடும்பம் உங்ககிட்ட வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

பதில்: உங்க ஃப்ரெண்டுக்காகவே கணக்குப் போட்டுடுவோம். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக 7 ஷில்லிங்னா 84 பென்ஸ். புருஷன் பொண்டாட்டி, நாலு புள்ளைங்க, ஒரு நாளைக்கு நாலு பவுண்டு எடையுள்ள ஒரு ரொட்டி, விலை 8 பென்ஸ்னு வெச்சுக்குங்க, வாரத்துக்கு 56 போச்சு. வாடகை 12னு குறைச்சே போடுறேன். மிச்சம் 16. இதுல விறகு, மெழுகுவத்தி, சோப்பு, டீ, உருளைக்கிழங்கு எல்லாம் வாங்கணும். எங்களை மாதிரி பண ஆலோசகருங்க எல்லாருக்கும் சொல்ற 50-30-20 ரூல்படி (வரவுல தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 சதவீதம்) சேமிப்புக்கு மட்டுமே 17 பென்ஸ் எடுத்து வைக்கணும்! இதுல மழை பேஞ்சு வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் கிடையாது.

ஆனா அவங்க சேமிக்கவே இல்லைன்னு நினைக்காதீங்க, பணமா சேமிக்கல அவ்ளோதான். வீட்டுக்குப் பின்னாடி ஒரு பன்னி, அதான் அவங்க ஆர்.டி. தினம் கழிவு, தோலு, கீரைன்னு போட்டுட்டே வந்தா குளிர்காலத்துல மொத்தமா கறியா கைக்கு வரும், பன்னி செத்துட்டா நஷ்டஈடு குடுக்க பல ஊர்ல பன்னி கிளப்பே இருந்துச்சு, இன்ஷூரன்ஸ்தான் வேறென்ன. அறுவடை சீசன்ல கொஞ்சம் கூடுதல் காசு வரும், அது பழைய கடனுக்கும் பூட்ஸுக்குமே சரியாப் போயிடும். அறுத்த வயல்ல பொண்டாட்டி புள்ளைங்க சிந்துன கதிரைப் பொறுக்கிட்டு வருவாங்க, டோர்செட் பொம்பளைங்க வீட்ல உக்காந்து சட்டை பட்டனும் செய்வாங்க, அந்தப் பொழப்பையும் அப்புறமா மெஷின் வந்து முடிச்சிடுச்சு.

நான் ஒரே ஒரு இடத்துல எச்சரிச்சிருப்பேன். நோய் வந்தா, செத்தா பணம் குடுக்கிற ஊர் கிளப்புங்க இருந்துச்சு, நல்ல விஷயம்தான், ஆனா பல கிளப்புல இருபது வயசுக்காரனுக்கும் ஐம்பது வயசுக்காரனுக்கும் ஒரே சந்தா, உறுப்பினருங்களுக்கு வயசாக ஆக பெட்டி காலி. நம்பி இருந்தவனுக்கு அப்புறம் ஒர்க்ஹவுஸ்தான், அதாவது வேலை வாங்கிட்டு சோறு போடுற ஏழைங்க விடுதி, அதே 1834ல வந்த புது சட்டப்படி உள்ள போனா புருஷன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம் புள்ளைங்க ஒரு பக்கம். குறைஞ்சது 1 ஷில்லிங் போட்டு, இரண்டரை சதவீத வட்டிக்கு, அரசாங்க போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு வந்ததே 1861லதான்.

பிரச்சனை செலவுல இல்ல சார், வரவுல. 9 ஷில்லிங்கா இருந்தது 8 ஆகி 7 ஆகி, அடுத்து 6னு சொல்லிட்டாங்க. ஜார்ஜ் லவ்லெஸும் மத்த அஞ்சு பேரும் அதைத்தான் பேச வந்தாங்க. சங்கம் வைக்கறது அப்ப குத்தமே இல்ல, ரகசிய சத்தியம் எடுத்தாங்கன்னு வேற ஒரு பழைய சட்டத்தைத் தேடிப்பிடிச்சு 7 வருஷம் ஆஸ்திரேலியா பக்கம் கப்பல் ஏத்திட்டாங்க. ஊரே கொதிச்செழுந்த பிறகு 1836ல மன்னிப்பு. உங்க ஃப்ரெண்டுகிட்ட அந்த 16 பென்ஸைக் குடுத்து, ஒரு வாரத்துக்கு பிளான் போட்டுத் தரச் சொல்லுங்க, நானும் பாக்குறேன்.