சிஸ்டரிடம் கேளுங்கள்: வாயில் இரும்பு ருசி என்று நோயாளி சொன்னால்...

கேள்வி: நர்சிங் முடித்து ஆறு மாதம் ஆகிறது, ஒரு சின்ன மருத்துவமனையில் மைனர் தியேட்டரில் போட்டிருக்கிறார்கள். டாக்டர் கேட்கக் கேட்க, மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் மருந்தை சிரிஞ்சில் எடுத்துக் கொடுக்கிறேன். டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தாயிற்று என்றால் அப்புறம் பயமே இல்லை என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். சரிதானா? எவ்வளவு வரை போகலாம்?
– வாசகி, தேனி

பதில்: முதலில் அந்த டெஸ்ட் டோஸ் பேச்சை முடித்துவிடுவோம். தோலில் ஒரு துளி போட்டுத் தடிக்கிறதா என்று பார்ப்பது ஒவ்வாமைக்காக. லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை வருவது அபூர்வம். நாம் பயப்பட வேண்டியது அளவு மிஞ்சுவதற்கும் மருந்து நேராக ரத்தக்குழாய்க்குள் போய்விடுவதற்கும்தான், அதைத் தோலில் போடும் இந்த டெஸ்ட் டோஸ் காட்டிக் கொடுக்காது.

மி.லி.யில் யோசிக்காதீர்கள், மில்லிகிராமில் யோசியுங்கள். 2 சதவீதம் என்றால் 1 மி.லி.யில் 20 மில்லிகிராம். அட்ரீனலின் சேராத மருந்துக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம், சேர்ந்ததற்கு 7 என்பதுதான் நாங்கள் மனப்பாடம் செய்த உச்ச அளவு. (அட்ரீனலின் ரத்தக்குழாயைச் சுருக்குவதால் மருந்து மெதுவாக உடம்பில் ஏறுகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம்.) 40 கிலோ எடையுள்ள ஒரு அம்மாவுக்கு சாதா லிக்னோகெய்ன் 120 மில்லிகிராம் வரைதான், அதாவது வெறும் 6 மி.லி. உங்கள் கையில் இருக்கும் 30 மி.லி. வயலில் 600 மில்லிகிராம் இருக்கிறது, ஐந்து பேருக்கான உச்ச அளவு ஒரே குப்பியில்!

எனக்கு இது புத்தகத்தில் படித்துப் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதுகில் கொழுப்புக் கட்டி எடுக்க வந்த மெலிந்த அம்மா ஒருவர். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று டாக்டர் கேட்க, நான் நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், 10 மி.லி. போயிருக்கும். குப்புறப் படுத்திருந்தவர் திடீரென்று, "வாய்க்குள்ள இரும்பக் கடிச்ச மாதிரி இருக்கு சிஸ்டர், காதுல ஙொய்ங்குது" என்றார். பயத்தில் பேசுகிறார் என்று நினைத்து, "ஒண்ணுமில்லம்மா, இதோ முடிஞ்சிடும்" என்று சமாதானம் சொன்னேன். டாக்டர் காதில் அது விழுந்ததுதான் அவருடைய நல்ல காலம். ஊசியை நிறுத்திவிட்டு அவரைத் திருப்பிப் படுக்க வைத்து ஆக்சிஜன் வைப்பதற்குள் கை விரல்கள் துடிக்க ஆரம்பித்துவிட்டன. வலிப்பை அடக்கும் மிடாசோலம் போட்டு, வலிப்பு முழுசாக வராமல் தப்பித்தார். அன்றைக்கு நான் சொன்ன அந்த "ஒண்ணுமில்லம்மா" இன்னும் எனக்கு வலிக்கிறது.

நாக்கு, உதடு மரப்பது, வாயில் உலோக ருசி, காதில் இரைச்சல், தலை கிறுகிறுப்பது, வழக்கத்துக்கு மாறாக வளவளவென்று பேசுவது, இதில் எது வந்தாலும் டாக்டரிடம் உரக்கச் சொல்லுங்கள், ஊசி நிற்கட்டும். இதற்கு அடுத்த படி வலிப்பு, அதற்கும் அடுத்தது இதயம். ஆகவே மரத்துப்போகும் ஊசி போடும் நோயாளியோடு பேசிக்கொண்டே இருங்கள், எந்த மானிட்டருக்கும் முன்னால் அவர் வாய்தான் சொல்லும். போட்ட ஒவ்வொரு சிரிஞ்சையும் மில்லிகிராமில் கூட்டி டாக்டர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள், எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று. இந்த விஷத்தன்மைக்கு மாற்று மருந்து 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (நரம்பில் ஏற்றும் கொழுப்புத் திரவம்), முதல் டோஸ் கிலோவுக்கு 1.5 மி.லி. அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று டியூட்டி ஏறும்போதே பார்த்து வையுங்கள். அதுவும் பால் மாதிரி வெள்ளை, மயக்கத்துக்குப் போடும் புரொப்போஃபாலும் பால் மாதிரி வெள்ளை. ஒன்று இல்லாத அவசரத்தில் மற்றதை எடுத்துவிடாதீர்கள், புரொப்போஃபால் ஏற்கெனவே தடுமாறும் இதயத்தை இன்னும் அமுக்கிவிடும்.

கேள்வி: என் தங்கைக்கு அடுத்த மாதம் சிசேரியன். முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலி என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லி அவள் அழுகிறாள். முழு மயக்கம் கேட்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தங்கையிடம் தைரியம் சொல்லுங்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போவது அதற்குக் கீழே. குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். மாதக் கணக்கில் வரும் வலிக்குக் காரணம் பெரும்பாலும் கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகளும், குனிந்து குனிந்து பால் கொடுப்பதும்தான், சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் அது வருகிறது. முழு மயக்கத்தில் கர்ப்பிணிக்கு வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து கூடுதல், அதனால்தான் முடிந்தவரை முதுகில் போடுகிறார்கள். அவளுக்கு எது பொருந்தும் என்பதை மயக்க மருந்து டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

ஊசி போட்ட சில நிமிடங்களில் அவளுக்குக் குமட்டினால் அடக்கிக்கொள்ளாமல் உடனே சொல்லச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் பி.பி. இறங்குவதன் அறிகுறி, நாங்கள் வாந்தி மருந்தைத் தேடுவதற்கு முன்னால் பி.பி.யைத்தான் பார்ப்போம். ஓரிரு நாள் கழித்து, எழுந்து உட்கார்ந்தால் தலை வெடிக்கிற மாதிரி வலித்து, படுத்தால் அடங்கினால் அதையும் சொல்லுங்கள், வைத்தியம் இருக்கிறது. முக்கியமாக, கால் ஜில்லென்று இருக்கிறதே என்று வீட்டுப் பெரியவர்கள் வெந்நீர்ப் பை வைத்துவிடக் கூடாது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்து கொப்புளித்த பிறகுதான் தெரியும். அப்படி ஒரு காலுக்கு நான் பல நாள் மருந்து வைத்துக் கட்டியிருக்கிறேன்.

கேள்வி: தியேட்டரில் ஒரே மாதிரி தெரியும் ஆம்பியூல்கள் பயமுறுத்துகின்றன. எதில் அதிகக் கவனம் வேண்டும்?
– ஸ்டாஃப் நர்ஸ், விழுப்புரம்

பதில்: என்னைக் கேட்டால் ட்ரானெக்ஸாமிக் ஆசிட். ரத்தப்போக்கை நிறுத்தும் நல்ல மருந்து, ஆனால் முதுகில் போட்டு மரக்க வைக்கும் ஹெவி பூப்பிவகெய்ன் என்று நினைத்து அதை எடுத்து முதுகில் போட்டு, வலிப்பு வந்து உயிர்கள் போயிருக்கின்றன, பல நாடுகளில். அதை முதுகு ஊசி ட்ரேயின் பக்கத்திலேயே வைக்காதீர்கள், வேறு அலமாரிக்குக் கொண்டுபோங்கள். ஆம்பியூலை உடைக்கும் முன் பெயரை டாக்டரிடம் காட்டி இரண்டு பேரும் வாய்விட்டுப் படியுங்கள். நிறத்தை வைத்து, மூடியை வைத்து, "எப்பவும் இந்த இடத்துலதான் இருக்கும்" என்ற பழக்கத்தை வைத்து எடுக்கவே கூடாது. பெயர் ஒட்டாத சிரிஞ்சு ட்ரேயில் கிடந்தால் யார் எடுத்ததாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.

கேள்வி: அப்பாவுக்குக் காலையில் ஆப்பரேஷன். டீ இல்லாமல் இருக்க மாட்டார். அரை டம்ளர் கொடுத்தால் என்ன ஆகிவிடும்?
– வாசகி, சேலம்

பதில்: பால் சேர்ந்த டீ வயிற்றுக்குச் சாப்பாடு மாதிரிதான், 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் பொதுவாக 2 மணி நேரம் முன்பு வரை விடுவார்கள், அதையும் வார்டில் கேட்டுக்கொண்டு கொடுங்கள். மயக்கத்தில் இருமல் வராது, மேலேறிய டீயை அவரால் துப்ப முடியாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒருவேளை உங்களுக்குத் தெரியாமல் குடித்துவிட்டார் என்றால் மறைக்காதீர்கள், தியேட்டர் வாசலில் வைத்தாவது சொல்லிவிடுங்கள். ஆப்பரேஷன் மதியத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.